மூச்சை அடக்காமல் பத்து வரை

ஜனவரி 20, திங்கள்

இந்த நோட்டில் நான் எழுத வேண்டியது மூன்றே விஷயம். என்ன குடித்தேன், எத்தனை முறை போனேன், எப்போது ஒழுகியது. மூன்று நாளைக்கு எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள் நஸ்ரின். மேலப்பாளையத்துப் பெண், பிசியோதெரபிஸ்ட், வயது இருபத்தெட்டுக்கு மேல் போகாது. முட்டுவலிக்கும் முதுகுவலிக்கும்தான் பிசியோதெரபி என்று நினைத்திருந்தேன். "இதுக்கும் உண்டுக்கா, இதுவும் தசைதானே" என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் காது சுட்டது.

எழுதுகிறவள் யாரென்று சொல்ல வேண்டாமா? வயலட் ஞானமணி. வயது நாற்பத்துநாலு. பாளையங்கோட்டையில் ஒரு போஸ்ட் ஆபீசில் கவுண்டர் கிளார்க். எங்கள் சபையின் கொயரில் முதல் வரிசை, இடப்பக்கமிருந்து மூன்றாவது ஆள், உச்சக்குரல். பதினோரு வருஷமாக அதே இடம்.

இந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் உச்சத்தைப் பிடித்து நின்றேன். குரல் மேலே போகிறது, தொடையில் வெதுவெதுவென்று ஏதோ கீழே போகிறது. வெள்ளைப் பட்டுச் சேலை. பாட்டை முடித்தேன், பாதியில் விட நான் என்ன சின்னப் பிள்ளையா? எல்லாரும் உட்கார்ந்த பிறகும் நான் மட்டும் கண்ணை மூடிக் கையைக் கூப்பி நின்றேன். உட்கார்ந்தால் பின்பக்கம் நனையும் என்ற பயம். எங்கள் சபைப் போதகரான ஐயர் அதைப் பக்திப் பரவசம் என்று நினைத்து, "நம் சகோதரியைப் பாருங்கள்" என்று பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார்.

அன்றைக்கு முடிவெடுத்தேன். ஈஸ்டர் வரை பார்ப்பேன். அதற்குள் சரியாகாவிட்டால் கொயரை விட்டுவிடுவேன்.

ஜனவரி 21, செவ்வாய்

காலை 5.40: காபி, ஒரு டம்ளர்.
6.30: காபி, அரை டம்ளர்.
8.15: மிளகாய் வறுத்தேன், தும்மினேன், ஒழுகியது. ஒரு ஸ்பூன் இருக்கும். ஒரு ஸ்பூனா ஒன்றரையா என்று எப்படித் தெரியும்? நீதானே அளவு கேட்டாய் நஸ்ரின், வைத்துக்கொள்.
11.00: ஆபீஸ் காபி.
1.30: தண்ணீர், இரண்டு மடக்கு, மாத்திரை விழுங்க.
4.00: காபி.
7.00: மகள் ஷெரின் கணக்குப் பரீட்சை மார்க்கைச் சொன்னாள். சிரித்தேன், ஒழுகியது. இனி நல்ல மார்க் வாங்காதே என்றா பிள்ளையிடம் சொல்ல முடியும்?

ஜனவரி 22, புதன்

எங்கள் போஸ்ட் ஆபீசில் பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு உண்டு. சாவி போஸ்ட்மாஸ்டர் மேசையில், ஒரு மரக்கட்டையில் கட்டித் தொங்கும். போக வேண்டுமென்றால் அவர் முன்னால் போய் நின்று கட்டையை எடுக்க வேண்டும். நாளைக்கு ஒரு முறை எடுத்தால் பார்க்க மாட்டார். மூன்று முறை எடுத்தால் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார். அதனால்தான் இரண்டு மடக்குத் தண்ணீர்.

பாளையங்கோட்டையில் எந்த ஜவுளிக்கடையில், எந்த மாடியில், எந்தக் கதவு என்று எனக்கு மனப்பாடம். வேறு யாருக்காவது இப்படி ஒரு ஊர் தெரியுமா தெரியவில்லை.

ஜனவரி 27, திங்கள்

நோட்டைப் படித்துவிட்டு நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டாள். "கட்டம் போட்டு எழுதச் சொன்னா கதையே எழுதிட்டியளேக்கா!"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒரு நாளைக்கு மொத்தமே ரெண்டு மடக்குத் தண்ணியா?" என்றாள். தண்ணீரைக் குறைத்தால் ஒழுகல் குறையும் என்பது தப்பாம். மூத்திரம் அடர்த்தியாகி, பையை இன்னும் கிளறிவிடுமாம், மலச்சிக்கலும் வருமாம், முக்கி முக்கி உள்ளது இன்னும் தளருமாம். "தண்ணிய கூட்டுங்க. காபியத்தான் குறைக்கணும்."

"காபியையா? உயிரைக் கேளு, தாரேன்."

"உயிரு வேண்டாம்க்கா. காபி போதும்."

சேலையில் கட்டிய தொட்டிலை வைத்து விளக்கினாள். முன்னால் ஓர் எலும்பு, பின்னால் ஓர் எலும்பு, இரண்டுக்கும் நடுவே துணித் தொட்டில்போல் தசைகள். மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாம் அந்தத் தொட்டிலில்தான் கிடக்கின்றன. ஷெரின் நாலு கிலோ. ஆயுதம் போட்டு எடுத்தார்கள். பதினேழு வருஷமாக என் தொட்டில் தொய்ந்து கிடக்கிறது, நான் அதை வயசு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிணற்று வாளியை மேலே இழுப்பதுபோலப் பயிற்சி. காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல, மூத்திரத்தை அடக்குவதுபோல, உள்ளே, மேலே. பிடித்து வைத்து மெதுவாக விட வேண்டும். முதலில் அஞ்சு எண்ணலாம், போகப் போகப் பத்து. இப்படிப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. பலன் தெரிய மூன்று மாசம் ஆகலாமாம். விரலை மடக்கிப் பார்த்தேன். ஏப்ரல் இருபது ஈஸ்டர்.

சரியாகச் செய்கிறேனா என்று கையுறை போட்டு உள்ளே தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். "விருப்பம்னாத்தான். நடுவுல வேண்டாம்னு சொன்னாலும் நிறுத்திருவேன்." வேண்டாம் என்றேன். எனக்குத் தெரியாத தசையா? நான் பாடகி. வயிறும் மூச்சும் என் கைக்குள்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இனி எழுத வேண்டாமாம். எழுதிப் பழகிவிட்டது.

பிப்ரவரி 2, ஞாயிறு

விடியற்காலையில் கனவு. எங்கள் கோயிலுக்குள் தாமிரபரணி ஓடுகிறது. வாசல் வழியாக வந்து, பெஞ்சுகளுக்கு நடுவே, பீடம்வரை. யாருக்கும் அதிசயமாக இல்லை. பாட்டுப் புத்தகங்கள் படகுபோல் மிதந்து அவரவர் கைக்குப் போய்ச் சேர்கின்றன. நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாடுகிறேன். யார் நனைந்தார்கள், யார் நனையவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது. அவ்வளவு நிம்மதி. விழித்ததும் முதலில் பாயைத் தடவிப் பார்த்தேன். நல்லவேளை.

ஒரு வருஷமாக ஷெரின் அறையில்தான் பாய் போட்டுப் படுக்கிறேன். ஜெயசிங்கின் குறட்டை தாங்க முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் போர்மன். நல்ல மனுஷன். ஆனால் குறட்டை குறட்டைதானே.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஈஸ்டர் பாட்டு வந்துவிட்டது. எட்வின் சார் தானே மெட்டுப் போட்டது. எங்கள் கொயர் மாஸ்டர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோபம் வந்தால் குச்சியால் தன் தொடையிலேயே அடித்துக்கொள்வார். கடைசியில் 'உயிர்த்தார்' என்று மேலே ஏறி, பதினாறு எண்ணும்வரை ஒற்றைக்குரல் நிற்க வேண்டும். மற்றவர்கள் கீழே முணுமுணுப்பார்கள்.

"வயலட், அது உனக்கு" என்றார். "வயித்துல இருந்து தள்ளணும். கீழ அமுக்குனாத்தான் மேல வரும்." பதினோரு வருஷமாகச் சொல்கிற அதே வாக்கியம்.

பழகும்போது கடைசி பெஞ்சில் மேபல் அக்கா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் என் இடத்தில் நின்று பாடியவள் அவள்தான். அப்படி ஒரு குரல். தொண்டை போய்விட்டது என்று ஒரு நாள் விட்டாள். அதிலிருந்து எப்போதும் கடைசி பெஞ்ச், கதவை ஒட்டி. எப்போதும் கருநீலச் சேலை. முடிந்ததும் டீ கொடுத்தார்கள். "எனக்கு வேண்டாம்ளா" என்று விறுவிறுவென்று போய்விட்டாள். கொஞ்சம் பெருமை பிடித்தவள். எங்கள் டீ இறங்காது போலிருக்கிறது.

பிப்ரவரி 19, புதன்

மூன்று வேளையும் தவறாமல். ஸ்டாம்ப் கிழிக்கும்போதுகூட. முன்னேற்றம் ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 1, சனி

கடிதம் எழுதினேன். 'தொண்டை சரியில்லாத காரணத்தால் ஈஸ்டருக்குப் பின் கொயரிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' ஒரே வரி. வேறு எந்தக் காரணத்தை எழுத?

எட்வின் சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் படித்தார். "மேபலும் இதே வரிதான் எழுதிக் குடுத்தா. ஏம்மா, இந்தப் பொம்பளையாட்களுக்கு நாப்பது தாண்டுனா தொண்டைதான் போவுமா?"

"எனக்கென்ன சார் தெரியும்?"

"தெரியாதுன்னா சரி. ஈஸ்டர் முடியட்டும், அப்புறம் தா." கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்தேன். வீடு வரும்வரை அவர் கேட்டது காதிலேயே நின்றது. அந்த மனுஷனுக்கு நக்கல் அதிகம்.

மார்ச் 5, சாம்பல் புதன்

லெந்து, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம், தொடங்கிவிட்டது. எங்கள் பக்கம் இந்த நாற்பது நாளும் ஆளுக்கொன்றை விடுவார்கள். கறி விடுவார்கள், சீரியல் விடுவார்கள். ஆராதனை முடிந்ததும் டீ, காபி சுற்றி வந்தது. நஸ்ரினுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து, "எனக்குக் காபி வேண்டாம், தண்ணி போதும்" என்றேன்.

ஐயரம்மாவுக்கு, ஐயரின் மனைவிக்கு, கண் கலங்கிவிட்டது. "வயலட்டு காபிய விட்டுருக்காளா! ஒரு நாளைக்கு அஞ்சு டம்ளர் குடிக்கிற பிள்ளை!"

இல்லை, இது டாக்டர் சொன்னது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எந்த டாக்டர், எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். பேசாமல் சிரித்தேன். தண்ணீரை முழு டம்ளர் குடித்தேன். அதற்கும் பாராட்டு.

லெந்து நாள் என்பதால் பயிற்சியை முப்பதிலிருந்து அறுபதாக்கியிருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

மோசமாகிறது. முன்பு தும்மினால், சிரித்தால், உச்சத்தில் பாடினால்தான். இப்போது கவுண்டருக்குக் கீழே விழுந்த கோந்து டப்பாவை எடுக்கக் குனிந்தாலே போய்விடுகிறது. அறுபது முறை, ஏழு நாள். இத்தனை உழைத்தும் இப்படி என்றால் என்ன நியாயம்? சாவிக் கட்டையைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு முதியவர் பதிவுத் தபாலுக்குக் காத்துக்கொண்டே இருந்தாராம்.

மார்ச் 17, திங்கள்

சண்டை போடத்தான் போனேன். "உன் வாளியும் வேண்டாம், உன் கிணறும் வேண்டாம்" என்றேன்.

நஸ்ரின் கோபப்படவில்லை. "நான் ஒரு தடவ பாக்கட்டுமாக்கா?" என்று பழைய கேள்வியையே கேட்டாள். இந்த முறை சரி என்றேன். கதவைத் தாழிட்டாள், போர்வை தந்தாள். ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தாள். வலிக்கவில்லை. வெட்கம்கூட ஒரு நிமிஷத்தில் அலுத்துப்போனது.

"இப்ப தூக்குங்கக்கா."

"தூக்குதேன்லா."

"இல்லையே. மறுபடி தூக்குங்க."

"தூக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"அக்கா, நீங்க கீழ தள்ளுதிய. மூச்ச அடக்கிக்கிட்டு, பிள்ளை பெறுத மாதிரி முக்குதிய."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு எட்வின் சாரின் குச்சி தொடையில் அடிக்கும் சத்தம் கேட்டது. வயித்துல இருந்து தள்ளு, கீழ அமுக்கு. பலம் என்றால் எனக்குத் தெரிந்த ஒரே பலம் அதுதான். ஏழு வாரம், மூன்று வேளை, லெந்து என்று இரட்டிப்பாக்கி, நான் வாளியைக் கிணற்றுக்குள்ளேயே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்! சிரிப்பு வந்துவிட்டது. நஸ்ரினும் சிரித்தாள். சிரித்ததில் அவள் மேசையிலேயே போய்விட்டது. "பரவால்லக்கா, இது அதுக்குண்டான மேசைதான்" என்று துணியை மாற்றினாள்.

பிறகு ரொம்ப மெதுவாகச் செய்யச் சொன்னாள். வயிற்றை விடு, தொடையை விடு, தாடையைக்கூட விடு. மூச்சு வெளியே போகும்போது உள்ளே மேலே, கொஞ்சமே கொஞ்சம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ வெகு ஆழத்தில், தூங்குகிற குழந்தையின் இமை அசைவதுபோல ஒன்று அசைந்தது.

"அதான்!" என்றாள் நஸ்ரின். "அதத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்."

நாற்பத்துநாலு வருஷம் கூடவே இருந்த ஒன்றை இன்றுதான் பார்த்தேன். பஸ்ஸில் வரும்போது வெயிலெல்லாம் தண்ணீருக்கு அடியில் தெரிவதுபோல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

அஞ்சு வாரத்தில் முழுதாகச் சரியாகாது என்று சொல்லித்தான் அனுப்பினாள். திசை மாறினாலே வித்தியாசம் தெரியுமாம். தும்மல் வரும் என்று தெரிந்தால், அதற்கு முந்தியே தூக்கிவிட வேண்டும். பாட்டிலும் அப்படித்தான். அமுக்கக் கூடாது. முதலில் தூக்கு, பிறகு பாடு.

மார்ச் 23, ஞாயிறு

மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஷெரின் பரீட்சைப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா, அப்பாவுக்கு என்ன செய்யுது? கண்ணாடி முன்னால நின்னு நாக்க நீட்டி நீட்டி மடக்குதாவ" என்றாள்.

போய்ப் பார்த்தேன். செல்போனைச் சாய்த்து வைத்து, அதில் வருகிற ஆள் சொல்லச் சொல்ல, ஐம்பது வயது மனுஷன் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பத்து எண்ணுகிறார். என்னைக் கண்டதும் டக்கென்று வாயை மூடினார்.

"குறட்டைக்குத்தான்" என்றார். "எட்டு மாசமாச் செய்யுதேன். ஒருக்களிச்சும் படுக்கேன். கொறஞ்சிருக்கான்னு நீதான் சொல்லணும். நீ அந்த ரூம்ல கெடந்தா எப்படித் தெரியும்?"

எட்டு மாசம்! இவர் ஒரு கண்ணாடி முன்னால், நான் ஒரு கவுண்டருக்குப் பின்னால், ஆளுக்கொரு தசையைப் பிடித்துக்கொண்டு எண்ணியிருக்கிறோம். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கிறிஸ்துமஸ் சேலை, நஸ்ரின், வாளி, நனைந்துவிடுமோ என்று பாய்க்குப் போனது, எல்லாம்.

செல்போனில் பேசிக்கொண்டிருந்த ஆளை நிறுத்தினார். பிறகு, "அப்ப என் குறட்டையில ஒண்ணுமில்லையா?" என்றார்.

"அது இல்லாமத்தான் எனக்கு உறக்கமே வரல."

"கோட்டிக்காரி" என்றார். "நான் எத்தன லீக்கேஜ பாத்தவன். எங்கிட்டயா மறைப்ப?" ஷெரின் அறையிலிருந்து என் தலையணையை அவரே எடுத்து வந்தார். எனக்கு ஏன் முன்பே சொல்லவில்லை என்று இருந்தது. இந்த மனுஷனுக்கு நான் செய்தது அநியாயம்.

ஏப்ரல் 4, வெள்ளி

தும்மல் மூன்று, ஒழுகியது ஒன்று. இரண்டைத் தூக்கி நிறுத்தினேன்!

சந்தோஷத்தில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போனால் தலையில் கல் விழுந்தது. அடுத்த வெள்ளி நான் எல்லார் முன்னாலும் நின்று என் விசுவாச அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டுமாம். 'காபியைத் துறந்த என் லெந்து அனுபவம்.' ஐயரம்மா அறிவித்தே விட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். மேபல் அக்கா மட்டும் கதவோரத்தில் பையை மடியில் வைத்து, காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீ எடுக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

ஒரு வாரமாக ஒத்திகை. "ஆண்டவருக்காகக் காபியை விட்டேன்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னால் என் முகமே என்னை நம்பவில்லை.

நாற்பது பெண்கள். மின்விசிறிச் சத்தம். எழுந்து நின்றேன். தண்ணீர் குடித்தேன்.

"நான் காபிய ஆண்டவருக்காக விடல" என்றேன். ஐயரம்மா முகம் மாறியது. "பிசியோதெரபி பாக்குத பிள்ளை விடச் சொல்லிச்சு. எனக்குச் சிரிச்சா, தும்முனா, உச்சத்துல பாடுனா மூத்திரம் போயிரும். பதினேழு வருஷமா. கிறிஸ்துமஸ்ல நான் நின்னுக்கிட்டே இருந்தது பக்தி இல்ல. சேலை நனைஞ்சிருந்துச்சு."

ஆரம்பித்தாயிற்று, இனி எதற்கு நிறுத்த? தொட்டிலைச் சொன்னேன், வாளியைச் சொன்னேன், தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்றேன், ஏழு வாரம் தலைகீழாகச் செய்ததையும் சொன்னேன். அந்த இடத்திலாவது யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "வயசாச்சு, பிள்ளை பெத்தாச்சு, இனி இப்படித்தான்னு இருக்காதிய. கூச்சத்த விட்டுட்டு ஆஸ்பத்திரியில காட்டுங்க. இவ்வளவுதான் என் சாட்சி" என்று உட்கார்ந்தேன்.

ஐயரம்மா பைபிளை மூடியது. பிறகு, "நாம ஜெபிப்போம்" என்றது.

ஜெபம் முடிந்தது, டீ வந்தது. பேச்சு மழையைப் பற்றியும் பாவற்காய் விலையைப் பற்றியும். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தபோதே மேபல் அக்காவின் இடம் காலியாக இருந்தது. என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன் என்று வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். ஜெயசிங் காபி போட்டு வந்தார். வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் பாதி குடித்தேன்.

ஏப்ரல் 12, சனி

பதினொரு மணிக்கு, கவுண்டரில் தலை நிமிர்ந்தால் மேபல் அக்கா.

"ஒரு கவர் குடுளா."

கொடுத்தேன். நகரவில்லை. பின்னால் நாலு பேர். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "எனக்கும் தொண்டையில ஒண்ணுமில்லளா" என்றாள்.

கடைசி பெஞ்ச், கதவை ஒட்டி. ஈரம் தெரியாத கருநீலம். தொடாத டீ. பதினோரு வருஷம் அவளைப் பெருமைக்காரி என்று நினைத்தவள் நான். அதுவும் இதே சீக்கை வைத்துக்கொண்டு! எனக்கு அழுகை வந்தது. நல்லவேளை கண்ணாடித் தடுப்பு இருந்தது.

"பாடாம எப்படிக்கா இருந்திய?"

"வீட்டுல, குளிக்கும்போது பாடுவேன்" என்றாள். "அங்கன நனைஞ்சா யாருக்குத் தெரியும்?"

மணியார்டர் பாரத்தின் பின்பக்கம் நஸ்ரினின் நம்பரை எழுதிக் கொடுத்தேன். "எனக்கு அறுபதாச்சே, இனிமே சரியாவுமா?" என்றாள். தெரியாது என்றேன். "ஆனா தசைதானேக்கா." பின்னால் நின்ற ஆள், "எம்மா, லைன் நகருமா நகராதா?" என்று சத்தம் போட்டார். மேபல் அக்கா கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

அஞ்சு மணி ஆராதனை. வெளியே இன்னும் இருட்டு. கோயிலுக்குள் லில்லிப் பூ வாசனை. எல்லார் முகத்திலும் பாதித் தூக்கம், அதுவே ஒரு வெளிச்சம்போல் இருந்தது. வெள்ளைச் சேலைதான் கட்டினேன். ஒரு முறை திரும்ப மடித்து வைத்துவிட்டுத்தான் கட்டினேன், பொய் சொல்வானேன்.

கடைசி வரி வந்தது. எட்வின் சார் குச்சியைத் தூக்கினார். நான் தள்ளவில்லை. தாடையை விட்டேன். அடியில் அந்தச் சின்ன அசைவைத் தேடினேன், இருந்தது. தூக்கினேன். குரல் தானாகவே அதன் பின்னால் ஏறிப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று. ஜன்னல் கண்ணாடியில் விடிந்துகொண்டிருந்தது. எனக்குக் கோயிலுக்குள் ஆறு வந்த கனவு ஞாபகம் வந்தது. எட்டு, ஒன்பது. பிறகு எண்ணுவதை மறந்துவிட்டேன். கீழே என்ன ஆகிறது என்று கவனிப்பதையும் மறந்துவிட்டேன். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக, பாடும்போது பாட்டை மட்டும் பாடினேன்.

எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்தேன். நஸ்ரினுக்காக உண்மையை எழுதுகிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஒரு பத்துக் காசு அளவு ஈரம் இருந்தது. அவ்வளவுதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

முடிந்ததும் எட்வின் சார் கையை நீட்டினார். "அந்தக் கடிதாசியத் தா." புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். படிக்கவே இல்லை. நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த கீபோர்டு ஸ்டாண்டின் காலுக்கு அடியில் செருகினார். "அமுக்காமப் பாடுனியோ?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லாத்தான் இருந்துச்சு" என்று குச்சியைச் சுற்றிக்கொண்டே போய்விட்டார்.

மே 2, வெள்ளி

இன்று சங்கக் கூட்டம். எங்கள் வீட்டில் குறட்டை பழையபடி, எட்டு மாச நாக்குப் பயிற்சி வீண். நான் நன்றாகத் தூங்குகிறேன்.

மேபல் அக்கா இன்று கதவோரத்தில் இல்லை. நடு வரிசையில், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கருநீலம்தான். நஸ்ரினிடம் போனாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டில் ஒன்று மடியில் இருந்தது.

ஐயரம்மா நீண்ட ஜெபத்தைத் தொடங்கியது. எல்லாரும் கண்ணை மூடினோம். நடுவில் லேசாகத் திறந்து பார்த்தேன், பழைய புத்தி. மேபல் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் உப்பியிருந்தது, முகம் சிவந்துகொண்டே வந்தது, மடியில் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன. அஞ்சு, ஆறு, ஏழு.

அவள் காதோரம் குனிந்தேன்.

"மூச்ச விடுங்கக்கா" என்றேன்.